காலேஜ்ல உங்களுக்கு யாரைத் தெரியும்?

ரிசல்ட் வந்து, கவுன்சிலிங் முடிஞ்சு, பிள்ளைகளைக் காலேஜ்ல கொண்டுபோய் விடுற சீசன் இது. அதனால இந்த இழை. கொஞ்சம் நீளம்தான். வீட்டுல முதல் வருஷம் சேருற பிள்ளை இருந்தா பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு சம்பவம். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

போன வருஷம், ஒரு காலை நேர ஓபி. ஒரு அம்மாவும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணு பக்கத்து ஊர் காலேஜ்ல முதல் வருஷம், ஹாஸ்டல். வயித்து வலி. ஒரு மாசத்துல இது மூணாவது தடவை.

"அல்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு சார். சாப்பாடே எறங்க மாட்டேங்குது"ன்னாங்க அம்மா. கையில ஒரு பிளாஸ்டிக் கவர். அதுல தனியார் ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட். எல்லாம் நார்மல்.

வயித்தைத் தொட்டுப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் குறைவு, மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல. அப்புறம் அம்மாவைக் கொஞ்சம் வெளிய உட்காரச் சொல்லிட்டு, நர்ஸ் அக்காவைக் கூட வச்சுக்கிட்டுப் பொண்ணுகிட்ட கேட்டேன்.

"ஹாஸ்டல்ல சாப்பிடுறியாம்மா?"

பதில் இல்ல. கண்ணுல தண்ணி மட்டும் வந்துச்சு.

கிளாஸ்ல ஒண்ணும் புரியல. எல்லாம் இங்கிலீஷ். ஸ்காலர்ஷிப்புக்கு ஏதோ நம்பர் கேட்டாங்க, எங்க வாங்கணும்னு தெரியல. ரூம்ல மத்த பொண்ணுங்க ஏற்கனவே ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. மெஸ்ல தனியா உட்கார்ந்து சாப்பிட வெக்கம். அதனால பல நாள் ராத்திரி பிஸ்கட்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊர்ல இருந்து பஸ் ஏறும்போது வயித்து வலி ஆரம்பிச்சிடும்.

அம்மாவை உள்ள கூப்பிட்டுக் கேட்டேன். "காலேஜ்ல உங்களுக்கு யாரைத் தெரியும்மா?"

"யாரையும் தெரியாதுங்க சார். கொண்டுபோய் விட்டோம், வந்துட்டோம்."

இந்தப் பதில்தான் இந்த இழைக்குக் காரணம். ஏன்னா இதே கேள்வியை 2008ல எங்க அப்பாகிட்ட யாராவது கேட்டிருந்தா, அவர்கிட்ட ஒரு பதில் இருந்திருக்கும். அந்த ஒரு பதிலாலதான் நான் இன்னிக்கு டாக்டர்.

எங்க அப்பா விசைத்தறி ஓட்டுனவர். எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். கவுன்சிலிங்ல அரசு மருத்துவக் கல்லூரியில சீட்டு கிடைச்சுது. ஊரே கொண்டாடுச்சு.

சேரப் போன அன்னிக்கு, காலையில 8 மணிக்கே ஆபீஸ் வாசல்ல நின்னோம். எங்க முறை வந்தப்போ மணி 12 தாண்டிடுச்சு. செக்ஷன்ல இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயசுக்குப் பக்கம் இருக்கும். பேப்பரை எல்லாம் புரட்டிப் பார்த்துட்டு, "பாண்டு எங்கய்யா?"ன்னு கேட்டாங்க.

படிப்பைப் பாதியில விட்டா அரசுக்குப் பணம் கட்டுறேன்னு எழுதிக் கொடுக்கிற பத்திரம். முத்திரைத்தாள்ல இருக்கணும், ஜாமீன் கையெழுத்து வேணும். எங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. பக்கத்துல நின்னவர் தன்னோடதைக் காட்டினார். லட்சக்கணக்குல தொகை. அப்பா முகம் வெளிறிப் போச்சு. அவர் அதுவரைக்கும் கையெழுத்து போட்ட பெரிய பேப்பர், ரேஷன் கார்டு விண்ணப்பம்தான்.

அந்தம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாங்க. "ஐயா, இது உங்களை மிரட்டுறதுக்கு இல்ல. சீட்டு வீணாப் போயிடக் கூடாதுன்னு வாங்குறது. தம்பி படிச்சு முடிச்சா இந்தப் பேப்பருக்கு வேலையே இல்ல. கோர்ட்டு வாசல்ல முத்திரைத்தாள் கிடைக்கும். முதல்ல ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்க. நான் அஞ்சே முக்கால் வரைக்கும் இருப்பேன்."

சாயங்காலம் எல்லாம் முடிஞ்சப்போ, பணம் கட்டின செலான் பின்னாடி ஒரு நம்பர் எழுதி அப்பாகிட்ட கொடுத்தாங்க. "இது செக்ஷன் நம்பர். தம்பிக்கு ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிடுங்க. யாருகிட்ட பேசணும்னு நான் சொல்றேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அடுத்த ஆறு வாரம் நரகம்.

மருத்துவப் படிப்புல முதல் வருஷம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. டிசெக்ஷன் ஹால்ல ஃபார்மலின் வாசனை கண்ணை எரிக்கும். அதைவிட எரிச்சது இங்கிலீஷ். சார் பாடம் எடுப்பார், எல்லாரும் தலையாட்டுவாங்க, நானும் ஆட்டுவேன். முதல் டெஸ்ட்ல 50க்கு 11. பள்ளிக்கூடத்துல முதல் ரேங்க் தவிர எதையும் பார்த்திராத எனக்கு 11.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி அப்பாவுக்கு ஃபோன் பண்ணி, "எனக்கு இது வேணாம்ப்பா, நான் வந்துடறேன்"னு சொல்லிட்டேன்.

அப்பா திட்டல. "சரி சாமி, சாப்பிட்டுத் தூங்கு"ன்னார். வச்சுட்டார்.

மறுநாள் மத்தியானம் அட்டெண்டர் அண்ணன் வந்து, "ஆபீஸ்ல உன் பேப்பர்ல ஒரு கையெழுத்து பாக்கியாம், கூப்பிடுறாங்க"ன்னார். போனேன். கையெழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தம்மா எழுந்து, "வா தம்பி"ன்னு நேரா அனாடமி டிபார்ட்மெண்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு உதவிப் பேராசிரியர்கிட்ட நிறுத்தி, "சார், நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன். தமிழ் மீடியம்"னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிட்டாங்க.

சார் கேட்டார், "பிரேக்கியல் பிளெக்ஸஸ்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"உன் பக்கத்துல உட்கார்ற இங்கிலீஷ் மீடியம் பையனுக்கும் ரெண்டு மாசம் முன்னாடி தெரியாதுடா. அது இங்கிலீஷே இல்ல, லத்தீன். எல்லாருக்கும் இது புது பாஷை. அவன் தைரியமா சொல்றான், நீ பயந்து சொல்றே. நானும் தமிழ் மீடியம்தான். முதல்ல படத்தை வரை. பேரு தானா வரும்."

அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் அவர் ரூமுக்குப் போவேன். என்னை மாதிரி இன்னும் நாலு பேர் அங்க இருந்தாங்க. படம் வரைவோம், தமிழ்ல புரிஞ்சுக்குவோம், அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லிப் பார்ப்போம். அடுத்த டெஸ்ட்ல 50க்கு 27. சந்தோஷத்துல அழுதேன்.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. நான் ஃபோன் பண்ணின மறுநாள் காலையிலேயே அப்பா அந்த செலானை எடுத்து, பின்னாடி இருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கார்.

இப்ப கதையோட இன்னொரு பாதி. இதை நான் இதுவரைக்கும் எங்கேயும் எழுதினதில்ல.

எனக்கு ஒரு ரூம்மேட் இருந்தான். தென் மாவட்டத்துக்காரன். அப்பா இல்ல. அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. என்னைவிட நல்ல மார்க். அவனுக்கும் எனக்கு இருந்த அதே பிரச்சினைதான். ராத்திரி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அழுவான். எனக்குக் கேட்கும். நானும் என் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்.

தீபாவளி லீவுக்குப் போனவன் திரும்பி வரல.

காலேஜ்ல இருந்து அவன் வீட்டுக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் போச்சு. வருகைப் பதிவு குறைஞ்சிருக்கு, விளக்கம் கொடுக்கணும்னு இங்கிலீஷ்ல. அதைப் படிச்சுச் சொல்ல அந்த வீட்டுல ஆள் இல்ல. இவன் படிச்சுட்டு மறைச்சு வச்சுட்டான். அவங்க அம்மாகிட்ட எந்த நம்பரும் இல்ல. கட்டில் காலியாவே கிடந்தது. பிறகு சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்க அந்தம்மா பட்ட பாடு தனிக்கதை.

பத்து வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துல அவனைப் பார்த்தேன். பி.எஸ்சி., பி.எட். முடிச்சு ஒரு ஸ்கூல்ல பயாலஜி டீச்சர். நல்லா இருக்கான். பேச்சோட பேச்சா, "ஏன்டா திரும்பி வரல?"ன்னு கேட்டேன்.

"வாடான்னு யாரும் கூப்பிடலடா"ன்னான்.

நானும் கூப்பிடல. அது இன்னிக்கும் உறுத்துது.

ரெண்டு பேருக்கும் அதே ஹாஸ்டல், அதே வகுப்பு, அதே பயம். எனக்கு மூளை அதிகம்னோ மனவுறுதி அதிகம்னோ சொன்னா அது பொய். எங்க அப்பாகிட்ட ஒரு நம்பர் இருந்துச்சு, அவங்க அம்மாகிட்ட இல்ல. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

1996ல சிதம்பரத்துல முதல் வருஷ மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை நம்ம தலைமுறை மறக்க முடியாது. அவரோட அப்பா அப்போ சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பல்கலைக்கழகமே அத்துப்படியான ஒரு வீட்டுப் பிள்ளைக்கே அந்த நிலைமை. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல 1997ல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு.

2009ல யுஜிசி நாடு முழுக்க விதிமுறை கொண்டுவந்துச்சு. ராகிங் பண்ண மாட்டேன்னு மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்கணும்ங்கிறது மட்டும்தான் பலருக்குத் தெரியும். அதே விதிமுறையில இன்னொண்ணும் இருக்கு. புதுசா சேருற பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிக்கணும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஆசிரியர். அவர் தினமும் ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் தனித்தனியாப் பேசி என்ன பிரச்சினைன்னு கேட்கணும். வார்டன்களோட தொடர்புல இருக்கணும்.

அதாவது, உங்க பிள்ளைக்குன்னு ஒரு ஆசிரியர் இருக்கணும்ங்கிறது விதி. கேட்டு வாங்குறது உங்க உரிமை.

மருத்துவப் படிப்புல 2019ல புதுப் பாடத்திட்டம் வந்தப்போ, பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அடித்தளப் பயிற்சின்னு வச்சாங்க. மொழி, கம்ப்யூட்டர், மருத்துவமனையைச் சுத்திக் காட்டுறது, விளையாட்டு எல்லாம் அதுல வரும். 2020ல இருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதுல வர்ற பிள்ளைகளை நான் வார்டுல பார்க்கிறேன். ஹவுஸ் சர்ஜனா வந்து நிக்கும்போது பெருமையா இருக்கு. நோயாளிகிட்ட அவங்க பேசுற தமிழ் அவ்வளவு அழகு.

ஆனா கதவைத் திறந்து விட்டா மட்டும் போதாது. உள்ள வந்தவங்களை "வா, இங்க உட்காரு"ன்னு சொல்ல ஆள் வேணும். அந்த ஆள் பெரும்பாலும் டீன் கிடையாது, முதல்வர் கிடையாது. செக்ஷன் கிளார்க், மென்ட்டர் ஆசிரியர், வார்டன், லைப்ரரியன், மெஸ் மாஸ்டர், வாட்ச்மேன் தாத்தா. இவங்கதான்.

இவங்க செய்யுற இந்த வேலை எந்த டியூட்டி சார்ட்லயும் இருக்காது. இதுக்குப் பதவி உயர்வும் கிடையாது. கூட்டம் அலைமோதுற அட்மிஷன் நாள்ல எரிஞ்சு விழுற கிளார்க்கையும் நான் பார்த்திருக்கேன். அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஒரு மேசைக்கு நாலு பேர் வேலை. அப்படியும் ஒரு நம்பரை எழுதிக் கொடுக்கிறவங்க இருக்காங்க பாருங்க, அவங்களைத்தான் சொல்றேன்.

இனி பெற்றோருக்கு. காலேஜ்ல விடப் போகும்போது பெட்டி, வாளி, பக்கெட் எல்லாம் வாங்குவீங்க. கூடவே இதையும் செய்யுங்க.

1. அஞ்சு நம்பர் வாங்காம ஊருக்குத் திரும்பாதீங்க. வார்டன், மென்ட்டர் ஆசிரியர், ஆபீஸ் செக்ஷன், ஒரு ரூம்மேட், அந்த ரூம்மேட்டோட வீடு. ஃபோன்ல மட்டும் இல்லாம ஒரு பேப்பர்லயும் எழுதி வைங்க. தொலைபேசிய பார்க்கத் தெரியாத ஆள் வீட்டுல இருந்தாலும் உதவும்.

2. வார்டனை நேர்ல பார்த்து ஒரு வணக்கம் சொல்லிட்டு வாங்க. "என் பொண்ணு இன்னார், இந்த ரூம்"னு சொன்னாப் போதும். முகம் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளையை அவங்க கொஞ்சம் கூடுதலாக் கவனிப்பாங்க. மனுஷ இயல்பு அது.

3. உதவித்தொகை பத்தி ஆபீஸ்ல கேளுங்க. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பெண் பிள்ளைகளுக்கு 2022ல இருந்து புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்கு 2024ல இருந்து தமிழ்ப் புதல்வன். மாசம் 1000 ரூபாய். குடும்பத்துல முதல் பட்டதாரின்னா அதுக்குத் தனிச் சான்றிதழ், தனிச் சலுகை. யூமிஸ் நம்பர், ஆதார் இணைச்ச வங்கிக் கணக்கு, இந்த ரெண்டும் சரியா இருக்கான்னு முதல் மாசமே பார்த்துடுங்க. அந்தப் பொண்ணு அலைஞ்சது இந்த யூமிஸ் நம்பருக்குத்தான்.

4. ராகிங்னா உடனே 1800-180-5522. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. "அண்ணனுங்க சும்மா விளையாடுறாங்க"ன்னு பிள்ளை சொன்னாலும் குரல் எப்படி இருக்குன்னு கவனிங்க.

5. முதல் மூணு மாசம் "நல்லாப் படிக்கிறியா?"ன்னு கேட்காதீங்க. "இன்னிக்கு யாரோட சாப்பிட்டே?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா வார்டனைக் கூப்பிடுங்க.

இப்ப டாக்டரா சில வார்த்தை.

அடிக்கடி தலைவலி, வயித்து வலி, தூக்கமின்மை, எடை குறையுறது. இதெல்லாம் வந்தா முதல்ல அரசு மருத்துவமனையில காட்டுங்க. எல்லாத்தையும் "மனசுதான்"னு நாமே முடிவு பண்ணக் கூடாது. காய்ச்சல், வாந்தி, தூக்கத்துல எழுப்புற வலி இருந்தா கண்டிப்பாப் பரிசோதனை வேணும். ரத்தசோகை, தைராய்டு எல்லாம் இந்த வயசுல சகஜம். எல்லாம் நார்மல்னு வந்த பிறகும் வலி இருந்தா, அந்த வலி பொய்னு அர்த்தம் இல்ல. பயமும் தனிமையும் குடலை நிஜமாவே பிசையும். பிள்ளை நடிக்கல.

பிள்ளை யாரோடயும் பேசாம ஒதுங்குறது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு சொல்றது, ஆசையா வச்சிருந்த பொருளை மத்தவங்களுக்குக் கொடுக்குறது. இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னிக்கே கிளம்பிப் போங்க. தற்கொலை எண்ணம் வருதான்னு நேராக் கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் வராது, கேட்டா பாரம்தான் குறையும். 14416க்குக் கூப்பிட்டா தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104ம் இருக்கு.

காலேஜ்ல வேலை பார்க்கிற நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை ஒரு வாரம் வரலைன்னா, தபால் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணுங்க. வீட்டுல பேசுற தமிழ்ல பேசுங்க. "ஏன் வரல?"ன்னு கேட்காதீங்க. "வாப்பா, பார்த்துக்கலாம்"னு சொல்லுங்க. என் ரூம்மேட்டுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்திருக்கும்.

அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க.

அவகிட்ட சம்மதம் கேட்டுட்டு, அவங்க காலேஜ் ஆபீஸுக்கு நானே ஃபோன் பண்ணினேன். மூணு பேர்கிட்ட மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. நாலாவதா ஒருத்தங்க, "பேரு சொல்லுங்க டாக்டர். எந்த டிபார்ட்மெண்ட்? நான் ஹாஸ்டலுக்கே போய்ப் பார்க்கிறேன்"னாங்க. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு 2008 ஞாபகம் வந்துடுச்சு. அந்த நம்பரை மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி எழுதி அம்மாகிட்ட கொடுத்தேன். இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபரிசோதனைக்கு வந்தப்போ ஹீமோகுளோபின் ஏறியிருந்துச்சு. கூட வந்தது அம்மா இல்ல, ரூம்மேட். ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தாங்க. இங்கிலீஷ் இன்னும் கஷ்டமாத்தான் இருக்காம். இருக்கட்டும், வரும்.

என்னைக் காப்பாத்தின அந்தம்மாவுக்கு நான் நன்றி சொன்னதே இல்ல. ஹவுஸ் சர்ஜன் முடிச்ச அன்னிக்கு அப்பா வந்தார். காலேஜுக்குள்ள நுழைஞ்சதும் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா எங்க சாமி?" போய் விசாரிச்சோம். பதவி உயர்வுல வேற மாவட்டத்துக்கு மாறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சுன்னாங்க. அப்பா அந்த மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னார்.

உங்களுக்கும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பாங்க. இப்பவும் அவங்க நம்பர் உங்ககிட்ட இருந்தா, இன்னிக்கே ஒரு ஃபோன் பண்ணிடுங்க. இந்த வருஷம் பிள்ளையை விடப் போற வீட்டுக்கு இந்த இழையை அனுப்பி வைங்க.